தாங்காதுன்னுதான் சொன்னா

ஏனுங்கண்ணா, காலைச் சித்த அந்தப் பக்கம் நகத்தி வெச்சுக்கறீங்களா? தகட்டோட ஓரம் கூரா இருக்குதுங்க. பட்டறைக்காரர் மூணு பக்கம் மடிச்சுக் கொடுத்துட்டாரு, நாலாவது பக்கத்தை அவசரத்துல உட்டுட்டாரு. நான்தானுங்க அவசரப்படுத்துனேன். இந்த பஸ்ஸை உட்டா அந்தியூருக்கு அடுத்த பஸ்ஸு எப்ப வருமோ. வேட்டியைச் சுத்தித்தான் கொண்டாந்தேன், பவானி ஸ்டேண்டுல ஏறயில எவனோ இடிச்சு அவுந்து போச்சு. ஐயோ, வெயிலு பட்டு உங்க மூஞ்சிலயே அடிக்குதுங்களா? இருங்க, போத்தி உடறேன்.

தகரம் இல்லீங்க. அசல் எவர்சில்வர். அடுப்புக்குப் பின்னாடி சுவத்துல சாத்தறதுக்கு. இதைக் கொண்டு போய்க் காட்டித்தான் எம் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வரணும். சிரிக்காதீங்க. மத்தவங்க சமாதானம் பண்றதுக்குப் பூவும் சேலையும் கொண்டு போவாங்க, நான் தகடு கொண்டு போறேன். என்ன பண்றதுங்க, எங்க சண்டை சுவத்தால வந்த சண்டை.

எம் பேரு நாச்சிமுத்துங்க. குமாரபாளையத்துல மெஸ் நடத்தறம். நடத்தறம்னா நான் பரிமாறுவேன், கடைகண்ணிக்குப் போவேன், வாரவங்ககிட்டப் பேசுவேன். சோறாக்கறதெல்லாம் மயிலாத்தா. எம் பொண்டாட்டி. இப்ப அவ தம்பி ஊட்டுல இருக்கறா, பருவாச்சியில. போன வெள்ளிக்கிழமை போனவ. போன் பண்ணுனா அவ எடுக்கறதில்ல, மச்சான்தான் எடுக்கறான். "அக்கா தூங்குதுங்க மாமா"ங்கறான். காலைல கூப்பிட்டாலும் தூங்குது, மத்தியானம் கூப்பிட்டாலும் தூங்குது. எங்கூட இருந்தப்ப அவ பகல்ல தூங்கி நான் பாத்ததே இல்லீங்க. பொய்தானே அது? எனக்குத் தெரியாதா?

அதனால நேர்லயே போறேன். எங்களுக்குப் புள்ளைகுட்டி இல்லீங்க. நாங்க ரெண்டு பேருதான். அவ வரலைன்னா எனக்கு ஒண்ணுமே இல்லீங்கண்ணா. வெளிப்படையாச் சொல்றேன், எனக்கு என்ன வெக்கம். நாலு நாளா வயித்துக்குச் சரியாச் சாப்பிடல. ஒரு மெஸ்ஸுக்காரன் பக்கத்துக் கடையில பரோட்டா வாங்கித் திங்கறேன்.

நான் அசல்ல பெயிண்டருங்க. சுவத்தைத் தொட்டுப் பாத்தே சொல்லிப்போடுவேன், உள்ளே ஈரம் இருக்குதா, பெயிண்டுக்கு அடியில பூசற பட்டி சரியாக் காஞ்சுதா, எப்ப உரியும்னு. எங்க மேஸ்திரியே என்னைக் கூப்பிட்டுத்தான் தொட்டுப் பாக்கச் சொல்லுவாரு. அப்பறம் சாரத்துல இருந்து உழுந்து இடுப்பெலும்பு போச்சு. ஒரு வருசத்துக்கு மேல படுக்கைங்க. எல்லாம் மயிலாத்தாதான். தூக்கி உக்கார வெக்கறது, தண்ணி வாத்து உடறது, எல்லாம். அப்பத்தான் ஊட்டுலயே தறிக்காரங்களுக்குச் சோறாக்கிப் போட ஆரம்பிச்சா. அப்படி வந்ததுதான் இந்த மெஸ்ஸு.

ஆனா எந்த ஊட்டுலயும் எங்களை வெச்சிருக்க மாட்டேங்கறாங்க. புகைங்கறாங்க, கரிங்கறாங்க, தாளிக்கிற நெடிங்கறாங்க. கடைசியா இந்த ஊடு கெடச்சுது. தறிப்பட்டறைக்கு எதுத்தாப்பல. மெஸ்ஸுக்குன்னே கட்டுனாப்பல எடம். ஊட்டுக்காரம்மா கறார். சமையக்கட்டுச் சுவத்தைக் காட்டி, "இப்பத்தான் பட்டி பாத்து அடிச்சிருக்குது. சுவரு கெட்டுதுன்னா அன்னைக்கே காலி பண்ணிரோணும்"னு சொல்லிப்போட்டாங்க. நான் சொன்னேன், "அம்மா, நான் பெயிண்டருங்க. இந்தச் சுவத்தை எங் கண்ணாப் பாத்துக்கறேன்." சத்தியம் பண்ணாத கொறை. மயிலாத்தா பக்கத்துலதான் நின்னா. அவ எப்பவுமே நெம்பப் பேசமாட்டாங்க.

எங்க அடுப்பு பெரிய பர்னர் வெச்ச இரும்பு அடுப்புங்க. காலைல இட்லிக்குப் பத்த வெச்சா ராத்திரி தோசை முடிஞ்சுதான் அணையும். வந்து கொஞ்ச நாள்லயே சுவரு மஞ்சப் பூக்க ஆரம்பிச்சுருச்சு. தினமும் காலைல எந்திரிச்சதும் மொத வேலை, போய் உள்ளங்கையை வெச்சுப் பாப்பேன். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒருக்கா வெச்சுப் பாப்பேன். ராத்திரியும் சூடு இறங்கியிருக்காதுங்க. காச்சக்காரன் நெத்தி மாதிரி இருக்கும்.

ஒரு நாள் பரிமாறிக்கிட்டு இருக்கேன், உள்ளேருந்து கூப்பிட்டா. "ஏனுங்க, கொப்புளம் கெளம்பிருச்சுங்க"ன்னா. நான் கரண்டியைப் போட்டுட்டு ஓடுனேன். பாத்தா ஆமாங்க, அடுப்புக்கு நேரா சுவத்துல பெயிண்டு ஊதிக்கிட்டு நிக்குது. சின்னச் சின்னதா, அம்மை போட்டாப்பல. அவகிட்டச் சொன்னேன், "நல்ல வேளை சொன்னே புள்ளை. நான் பாத்துக்கறேன்." அவ என்னையே பாத்துக்கிட்டு நின்னா. சந்தோசமாத்தான் இருந்திருக்கும். சொன்னதும் ஓடி வந்தேன் பாருங்க.

அன்னைக்கே சொரண்டி எடுத்துட்டு மறுபடி பட்டி வெச்சு, வண்டி சைலன்சருக்கு அடிப்பாங்களே வெள்ளிக் கலர்ல, அந்தப் பெயிண்டை வாங்கி அடிச்சேன். அது சூடு தாங்கும். ஆனா அடுப்பு எரிய எரிய ஒரு நாத்தம் வரும் பாருங்க, கண்ணுல தண்ணி வரும். ஒரு வாரத்துல போயிரும்னாங்க, போகல. வாரவங்க சாப்பிடற எடத்துக்கு வராதுங்க, சமையக்கட்டோட நின்னுரும்.

அப்பறம் பாத்தா தீயி சுவத்துப் பக்கமாச் சாயுது. ஏன் சாயுதுன்னு நின்னு பாத்தேன். சன்னல் காத்து. அவ நிக்கற எடத்துக்குப் பின்னாடி ஒரு சன்னலு, அதுல வர்ற காத்து தீயைக் கொண்டு போய்ச் சுவத்துல அடிக்குது. பிளைவுட் வெட்டிச் சன்னலை அடைச்சேன். இதெல்லாம் படிச்ச இஞ்சினியருக்குத் தோணாதுங்க. டேபிள் பேன் ஒண்ணு அவ வெச்சிருந்தா, அதுவும் அதே வேலையத்தான் பண்ணுது. அதை எடுத்தாந்து சாப்பிடற எடத்துல வெச்சுட்டேன். வாடிக்கைக்காரங்களுக்கும் காத்து வந்துது.

அதுக்கும் அடங்கல. அடுப்பையே சுவத்தை உட்டு ஒரு முழம் முன்னாடி இழுத்துப் போட்டேன். சமையக்கட்டு அகலம் கம்மிங்க. பின்னாடி கிரைண்டரு. அடுப்புக்கும் கிரைண்டருக்கும் நடுவுல அவ ஒருக்களிச்சு நின்னுக்குவா. மெலிஞ்ச உடம்புதான், பத்தும். இடுப்பு ஒடைஞ்சவன் நானு, என்னால அப்படி நிக்க முடியாது.

அப்பறம் ஈரச் சாக்கு. அது ஒரு நல்ல ரோசனைங்கண்ணா. சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது பாருங்க, அதனால மேல கம்பி கட்டி, சுவத்துக்கும் அடுப்புக்கும் நடுவுல சாக்கை நனைச்சுத் தொங்க உட்டேன். சூட்டைச் சாக்கு குடிச்சுக்கும். காயக் காயத் தண்ணி ஊத்தோணும். அதுக்கு ஒரு செம்பு வெச்சுட்டேன், அவ பக்கத்துலயே. ஆவி மட்டும் கெளம்பும். ஊட்டுக்காரம்மா ஒரு நாள் வந்து பாத்துட்டு, "பரவால்ல நாச்சிமுத்து, சொன்ன சொல்லைக் காப்பாத்தறே"ன்னுட்டுப் போனாங்க. அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோசம், சொல்ல முடியாதுங்க. உள்ளே போய் மயிலாத்தாகிட்டச் சொன்னேன். அவ, "எரியுதுங்க"ன்னா. "எரியட்டும் புள்ளை, சாக்கு நனைஞ்சுதானே இருக்குது, ஒண்ணும் ஆகாது"ன்னு தைரியம் சொல்லிட்டு வந்தேன்.

அவளும் சுவத்து மேல அக்கறையாத்தாங்க இருந்தா. அடிக்கடி சொல்லுவா, "வெந்து போச்சுங்க, ஏதாவது பண்ணுங்க"ன்னு. அவ சொல்லச் சொல்ல நான் ஒவ்வொண்ணாப் பண்ணுனேன். கேக்காம இருந்தேனா? இந்தக் காலத்துல பொண்டாட்டி சொல்லு கேக்கற ஆம்பளை எத்தனை பேருங்க?

ஆளு கொஞ்சம் மாறித்தான் போயிருந்தா, அதையும் சொல்லிப்போடறேன். முந்தானையைக் கையில சுத்திக்கிட்டே வேலை பாப்பா. சட்டி புடிக்கிறதுக்குன்னு நெனச்சுக்கிட்டேன். அப்பறம் புதுசா ஸ்பூன்ல சாப்பிட ஆரம்பிச்சா. ரசஞ்சோத்தை யாராவது ஸ்பூன்ல சாப்பிடுவாங்களா? நான் கேலி பண்ணுவேன். "அடேங்கப்பா, மெஸ்ஸுக்கார அம்மாவுக்கு நாகரிகம் வந்துருச்சு"ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். தறிக்காரங்கல்லாம் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சாப்பலதான் இருந்துது.

டிக்கெட்டுங்களா? எடுத்துட்டேங்க. தகட்டுக்கும் சேத்து லக்கேஜ் போட்டுட்டாரு அந்த மகராசன்.

எங்க உட்டேன்? ஆங், வியாழக்கிழமை. வியாழக்கிழமை காலைல அவ அடுப்பு முன்னாடி நின்னுக்கிட்டுச் சொன்னா, "ஏனுங்க, இதுக்கு மேல தாங்காதுங்க." சத்தமாச் சொல்லல. சுவத்தைப் பாத்துக்கிட்டே சொன்னா. நானும் போய்த் தொட்டுப் பாத்தேன். சாக்கு நனைஞ்சிருக்குது, சுவரு வெதுவெதுன்னுதான் இருக்குது. "தாங்கும் புள்ளை, இன்னும் ரெண்டு வருசம் தாங்கும், என்னை நம்பு"ன்னேன். நாப்பது வருசமா சுவத்தோட பழகுனவன் சொல்றேன், எனக்குத் தெரியாதா? அவ அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டா.

மறுநாளு மத்தியானம். கூட்டம் ஓஞ்சு போச்சு, நான் எலையெல்லாம் எடுத்துப் போட்டுட்டு இருக்கேன். உள்ளே தொப்புன்னு ஒரு சத்தம். போச்சுடா, பூச்சு பேந்து உழுந்துருச்சு, ஊட்டுக்காரம்மா காலி பண்ணச் சொல்லிருவாங்கன்னு நெனச்சுக்கிட்டு ஓடுனேன்.

மயிலாத்தாதான் உழுந்து கெடந்தா. கிரைண்டர்ல சாஞ்சாப்பல, காலு மடங்கி. செம்பு உருண்டு தண்ணி எல்லாம் கொட்டி. ஓடிப் போய் அடுப்பை அணைச்சேன், அவளை இழுத்துப் பொறக்கடையில போட்டேன், மூஞ்சில தண்ணி தெளிச்சேன். ஒண்ணுமே பண்ணலைன்னு சொல்லாதீங்க, பண்ணுனேன். கொஞ்ச நேரத்துல கண்ணு முழிச்சுட்டா. அப்பத்தாங்க எனக்கு உசுரே வந்துது. அந்தப் பதட்டத்துல, அந்த ஆத்தாமையில, ஒரு வார்த்தை வந்துருச்சு. உள்ளே திரும்பிப் பாத்துட்டு, "அப்பாடா, நல்ல வேளை, சுவத்துக்கு ஒண்ணும் ஆகல"ன்னேன்.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? அவளுக்கு ஒண்ணும் ஆகலைங்கறது கண்ணுக்கு முன்னாடியே தெரியுதே, அதைத் தனியாச் சொல்லோணுமா? முழிச்சுட்டா. உக்காந்துட்டா. சுவத்தைத்தானே இன்னும் பாக்கல. அதனால பாத்தேன், சொன்னேன்.

அவ எந்திரிச்சு மூஞ்சி கழுவுனா. தம்பிக்குப் போன் போட்டா. அவன் கார் புடிச்சுக்கிட்டு வந்தான். நான் வாசல்ல நின்னு, "எத்தனை நாளைக்குப் போறே?"ன்னு கேட்டேன். அவ ஊட்டைத் திரும்பிப் பாத்தா. என்னைப் பாக்கல, ஊட்டைத்தான் பாத்தா. "சுவத்தைப் பாத்துக்கங்க"ன்னா. அவ்வளவுதாங்க. போற நேரத்துலயும் அவளுக்குச் சுவத்து மேலதான் வெசனம். அதனாலதான் எனக்கு இந்தத் தகட்டு ரோசனையே வந்துது.

போனதுக்கு மறுநாளு மெஸ்ஸை மூடக் கூடாதுன்னு நானே அடுப்புல நின்னேன். எல்லாம் பாத்த வேலைதானே, தெரியாதான்னு. ஐயோ, என்ன வேக்காடுங்கறீங்க! ஒரு ஈடு இட்லி வேகறதுக்குள்ள எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துது. சட்டை புழிஞ்சு எடுக்கறாப்பல நனைஞ்சு போச்சு. அணைச்சுட்டு வெளியே வந்து உக்காந்துட்டேன். எனக்குப் பழக்கமில்லீங்க. அவளுக்கு அது பழக்கம். பழகுனவங்களுக்குத் தெரியாது.

தறிக்காரங்க வந்து வந்து பாத்துட்டுப் போனாங்க. ஒருத்தர் கேட்டாரு, "அக்கா எப்ப வரும்?" எனக்கு அழுகை வந்துருச்சுங்க. எல்லார் முன்னாடியும் அழுதேன். பொறக்கடைக் கொடியில அவ சேலை ஒண்ணு கெடக்குது. காஞ்சு மொடமொடன்னு போச்சு, அதை எடுக்க எனக்கு மனசு வரல. எடுத்துட்டா அவ போயிட்டாங்கறது நெசமாயிரும் போல இருக்குது. ராத்திரிக்கு என்ன பண்றதுன்னு தெரியாம போய்ச் சுவத்துல கையை வெச்சுப் பாத்தேன். சில்லுன்னு இருந்துதுங்கண்ணா. இத்தனை மாசத்துல அப்படிச் சில்லுன்னு நான் அதைத் தொட்டதே இல்ல. அது சில்லுன்னு இருக்கோணும்னுதான் இவ்வளவு பாடுபட்டேன். தொட்டதும் பயமா இருந்துது.

அதனாலதான் தகட்டுப் பட்டறைக்குப் போனேன். அளவு சொல்லி, மடிக்கச் சொல்லி, இதை வாங்குனேன். போனதும் அவ கால்ல உழாத கொறையாச் சொல்லப் போறேன். "மயிலா, இனிச் சாக்கு வேண்டாம். தண்ணி ஊத்த வேண்டாம். சுவரு கெட்டுப் போயிருமேன்னு நீ பயப்படவே வேண்டாம்"னு. வழியெல்லாம் இதையே சொல்லிப் பாத்துக்கிட்டு வாறேன். பட்டறைக்காரரு சொன்னாரு, "கண்ணாடி மாதிரி பாலீஸ் போட்ட தகடுங்க. சூடு ஒரு துளி சுவத்துக்குப் போகாது. வந்த சூட்டை அப்படியே திருப்பி அடிச்சுரும்"னு.

என்ன கேட்டீங்க?

திருப்பி அடிச்சா எங்க போகும்னா? எங்கயோ போகுதுங்க. சுவத்துக்குப் போகாது. எதுத்தாப்பல போகும். உங்க மூஞ்சில வெயிலு அடிச்சுதுங்களே, அது மாதிரி. எதுத்தாப்பல சுவரு இல்லீங்க, கிரைண்டர்தான் இருக்குது. கிரைண்டருக்கு ஒண்ணும் ஆகாது, அது கல்லு. கிரைண்டருக்கு முன்னாடி...

முன்னாடி அவ நிப்பா.

இல்லீங்கண்ணா. நீங்க வேற என்னமோ நெனச்சுக்கிட்டீங்க. அவ சுவத்தைத்தாங்க சொன்னா. "இதுக்கு மேல தாங்காது"ன்னுதான் சொன்னா. "தாங்கமாட்டேன்"னு சொல்லலையே. சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்காதா? "வெந்து போச்சு"ன்னா. "வெந்து போனேன்"னு ஒரு நாளாவது சொன்னாளா? கொப்புளம் கெளம்பிருச்சுன்னா, சுவத்துல இருந்துதே, நான் கண்ணால பாத்தேனே. எதுலன்னு நான் கேக்கல, அவளும் சொல்லல. ஆனா சுவத்தைப் பாத்துக்கிட்டுத்தானே சொன்னா.

அடுப்புல நிக்கறவ வேற எங்கதான் பாப்பா.

தண்ணி இருக்குதுங்களா? ஒரு வாய் குடுங்க. இல்ல, ஒண்ணுமில்ல, பஸ்ஸுக்குள்ள வேக்காடா இருக்குது. சன்னலைத் தொறந்து உடுங்க. தொறந்துதான் இருக்குதுங்களா?

"சுவத்தைப் பாத்துக்கங்க"ன்னுட்டுப் போனாளேங்க. அதுக்கு என்னங்க அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. வேண்டாம், சொல்லாதீங்க.

பருவாச்சி வந்துருச்சு. அந்தா, அந்தப் புளிய மரத்துக்குப் பின்னாடி இருக்கற ஓட்டு ஊடுதான். வாசல்ல யாரோ நிக்கறாப்பல இருக்குது. மச்சானா, அவளா, தெரியல. கண்டக்டரு கத்தறாரு, லக்கேஜை எடுத்துட்டு எறங்குங்கறாரு. இதை உங்க காலடியிலயே உட்டுட்டுப் போலாம்னு பாத்தா முடியாது போல. சித்த தூக்கி உடுங்க. அந்த மரத்தடியில சாத்தி வெச்சுட்டுப் போயிக்கறேன். அவ கண்ணுல பட வேண்டாம்.

இருங்க கண்டக்டரே, எறங்கறேன், இடுப்பு ஒடைஞ்சவன்.

அண்ணா, வெறுங்கையோட போய் என்னத்தைங்க பேசறது? நான் ரோசிச்சு வெச்சதெல்லாம் சுவத்தைப் பத்தின பேச்சுங்க. வேற பேச்சே எங்கிட்ட இல்லீங்களே. போனதும் அவ எதுத்தாப்பல உக்காந்து, "மயிலா, கையைக் காட்டு, பாக்கறேன்"னு சொல்லட்டுங்களா? எந்தக் கையின்னு அவ கேட்டுட்டா, நான் என்னங்க சொல்லுவேன்?